ரஃபியா கயிறு விடும் ஒளியை எண்ணுவது எப்படி: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

வெயிலில் கிடந்த ரஃபியா கயிற்றை இழுத்துப் பார்த்திருப்பீர்கள். புதுக் கயிறு கையை அறுக்கும். ஒரு வருஷம் வெயில் பட்ட கயிறோ விரலிடுக்கில் பொடியாக உதிரும். எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தின் (தொழிலாளர் வீட்டு வரிசையின்) பின்புற வேலி முழுக்க அந்தக் கயிறுதான். அம்மா பிரட்டுக்குப் (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போய் மரம் சீவிவிட்டு வந்து, அறுந்த இடத்தில் மறுபடி முடிச்சுப் போடுவார். கயிறு ஏன் அப்படி உதிர்கிறது என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. உதிர்வதற்கு முன்னாலேயே, கெட்டுப்போகும் ஒவ்வொரு நிமிடமும் அது கொஞ்சம் ஒளி விடுகிறது என்பதை ரொம்பப் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஒளிக்கு வேதிஒளிர்வு என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது; ஒவ்வொரு ஃபோட்டானாக, அதாவது ஒளித்துகளாக, எண்ணத்தான் முடியும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில், பழைய கருவி ஒன்றை வைத்து இதை அளந்துகொண்டிருக்கிறேன். ஆறாம் படிவப் பிள்ளைகளும், கையுறை ஆலைகளில் தரச் சோதனை வேலைக்குச் சேர்ந்தவர்களும் வந்து கற்றுக்கொள்கிறார்கள். இது வரை வராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒளியை அளக்கும் முன் இருட்டை அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒளி எங்கிருந்து வருகிறது

வேதியியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாஸ்டிக்கும் ரப்பரும் பாலிமர்கள், அதாவது நீளச் சங்கிலி போன்ற மூலக்கூறுகள். வெப்பமோ வெயிலோ பட்டு அந்தச் சங்கிலியில் ஓர் இடம் அறுபடுகிறது. அந்தக் காயத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டி, பெராக்சி என்ற நிலையில்லாத ஒன்று உருவாகிறது. அது பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி ஹைட்ரோபெராக்சைடாக மாறுகிறது. ஹைட்ரோபெராக்சைடு பின்னால் உடையும்போது இன்னும் இரண்டு காயங்கள். ஒன்று பலவாகப் பெருகும் இந்தத் தொடர்வினையை 1940-களில் போலண்ட், ஜீ என்ற இருவர் ஒழுங்காக எழுதி வைத்தார்கள். அவர்கள் வேலை பார்த்தது இங்கிலாந்தில் இருந்த பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கத்தில். அந்தச் சங்கம் நடந்தது மலாயா ரப்பர் மீது வசூலித்த வரிப் பணத்தில். நம் பாட்டிமார் விடியுமுன் சீவிய பாலின் காசும் அந்த ஆராய்ச்சியில் இருக்கிறது. இதை நான் ஒவ்வொரு மாணவருக்கும் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறேன்.

இரண்டு பெராக்சிகள் நேருக்கு நேர் மோதினால் இரண்டும் அழிந்துவிடும். மிஞ்சுவது ஓர் ஆல்கஹால், ஓர் ஆக்சிஜன், ஒரு கார்போனைல். இந்த வழியை 1957-இல் ரஸ்ஸல் விளக்கினார். அதில் பிறக்கும் கார்போனைல் சில நேரம் கிளர்ந்த நிலையில், அதாவது கூடுதல் ஆற்றலோடு, பிறக்கும். அது அடங்கி இறங்கும்போது நீலப் பக்கம், ஏறக்குறைய 400 முதல் 500 நானோமீட்டருக்குள், ஒரு ஃபோட்டானை விடலாம். 1961-இல் ஆஷ்பி என்பவர் பாலிபுரோப்பிலீனைச் சூடாக்கி இந்த ஒளியை அளந்து கட்டுரை வெளியிட்டார். துறை அதிலிருந்து வளர்ந்தது.

‘விடலாம்’ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினியைப் பார்த்திருப்பீர்கள். மின்மினியின் வேதிவினையில் 100 மூலக்கூறு வினைபட்டால் 40 ஃபோட்டான் போல வெளியே வரும். பாலிமர் கெடும்போது பல கோடி வினைகளுக்கு ஒரு ஃபோட்டான் வந்தாலே அதிகம். இந்த வித்தியாசம் மனசில் பதிந்தால், கீழே நான் பிடிவாதமாகச் சொல்பவற்றின் காரணம் புரியும்.

என்னென்ன வேண்டும்

ஒளிப்பெருக்கிக் குழாய் ஒன்று. அதன் முகப்பில் ஒரு ஃபோட்டான் பட்டால் ஓர் எலக்ட்ரான் கிளம்பும். அந்த ஒன்று படிப்படியாகப் பெருகிப் பத்து லட்சம் போல ஆகி, ஒரு மின்துடிப்பாக வெளியே வரும். நீல ஒளிக்கு நன்றாக வேலை செய்யும் பைஆல்கலி முகப்புள்ள குழாயாக வாங்குங்கள். அதுவே நான்கு ஃபோட்டானுக்கு ஒன்றைத்தான் பிடிக்கும். ஜப்பானின் ஹமாமட்சு குழாய்கள் பழைய கருவிகளிலிருந்து கழற்றியும் கிடைக்கும். முழுக் கருவியாகவே வேண்டுமென்றால் செண்டாயின் தொஹோகு எலக்ட்ரானிக் விற்கிறது. பிராட்டிஸ்லாவாவின் பாலிமர் ஆய்வகம் செய்த லூமிபோல் கருவியையும் கட்டுரைகளில் அடிக்கடி காணலாம்.

இதோடு துடிப்பை எண்ணும் கருவி, 1,000 வோல்ட் பக்கம் தரும் மின்வழங்கி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன அடுப்பு, குழாய்க்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு மூடுகதவு, ஒரு கண்ணாடிச் சன்னல், நைட்ரஜன், ஆக்சிஜன். தொடக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டாம், உலர்ந்த காற்றே போதும். பிற்பாடு வாங்கினால் அதன் ரெகுலேட்டர் பக்கம் எண்ணெயோ கிரீஸோ பட்ட கையைக் கொண்டு போகக் கூடாது, தீப்பிடிக்கும். 1,000 வோல்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. மின்சாரத்தை நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, அப்புறம்தான் சாக்கெட்டைத் தொட வேண்டும்.

இருட்டைக் கட்டுவது

பெட்டியின் உட்புறத்துக்கு மினுங்காத கறுப்புப் பெயிண்ட். மூடி உட்காரும் இடம் நேர்க்கோடாக இருந்தால் ஒளி கசியும். படி படியாக மடித்து, ஒளி இரண்டு முறையாவது திரும்பித்தான் உள்ளே வர முடியும் என்ற மாதிரிச் செய்யுங்கள். வயர் நுழையும் ஓட்டைக்கும் அதே விதி.

இதில் நான் ஒரு மாதத்தைத் தொலைத்தேன். மதியம் 2 மணிக்கு மேல் எண்ணிக்கை மெல்ல ஏறும்; மாலையில் இறங்கும். மாதிரிதான் கெடுகிறது என்று நினைத்து நோட்டில் வளைகோடு வளைகோடாக வரைந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் சனிக்கிழமை வகுப்புக்கு வந்த பையன் எண்ணும் கருவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அண்ணே, மழை இருட்டிக்கிட்டு வந்தா இறங்குது, பாத்தீங்களா?” என்றான். சன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். நைட்ரஜன் கொண்டு வரும் டியூப் ஒளி ஊடுருவும் சிலிகான் டியூப். மதிய வெயில் சன்னலில் விழும்போது அந்த டியூப் ஒளியை அப்படியே பெட்டிக்குள் கொண்டு போயிருக்கிறது. அலுமினியத் தாளைச் சுற்றினோம். வளைகோடு படுத்துவிட்டது. இப்போது வாயு வருவது வளைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில்.

ஆகவே பெட்டி தயாரானதும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அறையை இருட்டாக்கி, மூடுகதவைத் திறந்து, மாதிரி இல்லாமல் 5 நிமிடம் எண்ணுங்கள். பிறகு அறை விளக்கைப் போட்டு 5 நிமிடம். அப்புறம் கைப்பேசி டார்ச்சைத் தூரத்திலிருந்து கொண்டு வந்து ஒவ்வொரு மூட்டின் மேலும் நிதானமாக நகர்த்துங்கள். எண்ணிக்கை சட்டென்று எகிறினால் டார்ச்சை உடனே எடுத்துவிட வேண்டும். மின்சாரம் பாயும் குழாயில் பளிச்சென்று ஒளி விழுந்தால் குழாய் போய்விடும். மூன்று எண்களும் ஒன்றாக இருக்கும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். சிலருக்கு இது ஒரே நாளில் முடியும். எனக்குப் பல வாரம் ஆனது.

குழாய்க்குள்ளேயே ஓர் இருட்டு எண்ணிக்கையும் உண்டு. ஒளியே இல்லாவிட்டாலும் முகப்பிலிருந்து வெப்பத்தால் எலக்ட்ரான்கள் கிளம்பும். விண்வெளியிலிருந்து வரும் கதிர்களும் கண்ணாடியில் இருக்கும் பொட்டாசியமும்கூட அவ்வப்போது ஒரு துடிப்பைத் தரும். நம் ஊர் வெக்கையில் இது கூடுதல். என் குழாய் மதியத்தில் நொடிக்கு 180 காட்டும். குளிர்வித்தால் 30-க்கு இறங்கும். அதனால் பெல்டியர் தகடு வைத்துக் குளிர்விக்கிறோம்.

இங்கே குளிர்நாட்டுப் புத்தகங்கள் அழுத்திச் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. ஐஸ் போட்ட கிளாஸின் வெளியே நீர் பூப்பது போல, குளிர்ந்த குழாயின் முகப்பிலும் பூக்கும். நீர் பூத்த முகப்பு ஒளியைச் சிதறடிக்கும். சாக்கெட்டில் ஈரம் ஏறினால் மின்கசிவால் பொய்த் துடிப்புகள் ஆயிரக்கணக்கில் வரும். குழாயைச் சுற்றி எப்போதும் உலர் நைட்ரஜன் மெல்ல ஓடட்டும், சாக்கெட் பக்கம் சிலிக்கா ஜெல் பை ஒன்று இருக்கட்டும். ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் காயவைத்து மறுபடி போடுங்கள். மழைக்காலத்தில் நான் வாரம் ஒரு முறை மாற்றுகிறேன்.

இன்னொன்று. மின்சாரம் இல்லாத நேரத்தில்கூடக் குழாய் முகப்பில் அறை வெளிச்சம் படக் கூடாது. பட்டால் இருட்டு எண்ணிக்கை ஏறி, அடங்க மணிக்கணக்காகும். நான் இரவே மூடிக் குளிரவிட்டு, மறுநாள் பசியாறிவிட்டு வந்துதான் எண்ணத் தொடங்குவேன்.

எவ்வளவு நேரம் எண்ணுவது

ஃபோட்டான்கள் மழைத்துளி மாதிரி, ஒழுங்கான இடைவெளியில் விழாது. N எண்ணினால் அதில் N-இன் வர்க்கமூலம் அளவுக்குத் தடுமாற்றம் இருக்கும். இருட்டு நொடிக்கு 30, மாதிரியோடு 33 என்று வைத்துக்கொள்வோம். 10 நொடி எண்ணினால் 300-ம் 330-ம். வித்தியாசம் 30, அதன் தடுமாற்றம் 630-இன் வர்க்கமூலம், அதாவது 25. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 100 நொடி எண்ணினால் 3,000-ம் 3,300-ம். வித்தியாசம் 300, தடுமாற்றம் 79. இப்போது ஒளி இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கையாலேயே போடச் சொல்கிறேன். கணினி தானாகப் போட்டால் மனசில் நிற்காது.

வெறும் தட்டு

மாதிரியை வைக்க ஒரு சின்ன அலுமினியத் தட்டு போதும். அதை அசிட்டோனில் கழுவி, கிடுக்கியால் மட்டும் எடுக்க வேண்டும். விரல் படக் கூடாது. தோல் எண்ணெயில் இருக்கும் ஸ்குவாலீன் சுலபமாக ஆக்சிஜனேற்றம் அடைந்து அதுவே ஒளி விடும். நீங்கள் அளப்பது கயிறா, உங்கள் கட்டை விரலா என்று பிறகு பிரிக்க முடியாது.

மாதிரி வைக்காத வெறும் தட்டை, மாதிரியைச் சூடாக்கப் போகும் அதே வேகத்தில், அதே வெப்பம் வரை, அதே வாயுவில் ஓட்டிக் கோட்டைப் பதிவு செய்யுங்கள். அது ஏறக்குறைய தட்டையாக இருக்க வேண்டும். 250 டிகிரிக்கு மேல் போனால் அடுப்பின் சூட்டொளியே எண்ணத் தொடங்கிவிடும். தொடக்கத்தில் 200-ஐத் தாண்ட வேண்டாம். அடுப்பு காட்டும் எண் சரியா என்பதற்குத் துளி இண்டியம் வைத்துப் பாருங்கள், 156.6 டிகிரியில் உருகும். பாலிபுரோப்பிலீனுக்கு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 2 டிகிரி தவறே உங்கள் முடிவை நூற்றுக்குப் பதினைந்து நகர்த்திவிடும்.

முதல் மாதிரி: ரஃபியா

எல்லாரும் ரப்பரில் தொடங்க ஆசைப்படுவார்கள். வேண்டாம். ரஃபியா கயிறு பாலிபுரோப்பிலீன். இந்த வேலையில் மிகத் தாராளமாக ஒளி விடும் பொருள்களில் அது ஒன்று. ஒரே உருண்டையிலிருந்து இரண்டு துண்டு எடுங்கள். ஒன்றை அலமாரியில் வையுங்கள். மற்றதை வேலியில் கட்டி ஒரு மாதம் வெயிலில் விடுங்கள். உருண்டை மாறினால் சாயமும் மாறும்; சாயம் ஒளியை விழுங்கும், ஒப்பிட முடியாது.

ஒவ்வொன்றிலும் 5 மில்லிகிராம் நறுக்குங்கள், தட்டில் படியும்படி ஒரே பரப்பாகப் பரப்புங்கள். மூடுகதவு மூடியிருக்க, மின்சாரம் நிறுத்தியிருக்க, தட்டை உள்ளே வையுங்கள். பெட்டியை மூடியதும் உடனே எண்ணாதீர்கள். அறை விளக்கில் இருந்த பிளாஸ்டிக் இருட்டிலும் கொஞ்ச நேரம் மினுங்கிக்கொண்டே இருக்கும். அது நமக்கு வேண்டிய ஒளி இல்லை. அரை மணி நேரம் உள்ளேயே இருக்கட்டும். அந்த நேரத்தில் நைட்ரஜன் நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர் ஓடி ஆக்சிஜனை வெளியே தள்ளட்டும்.

இப்போது மின்சாரம், பிறகு மூடுகதவு, பிறகு சூடு. நிமிடத்துக்கு 5 டிகிரியாக 200 வரை ஏற்றுங்கள். ஆக்சிஜன் இல்லாததால் புதிதாக ஒன்றும் கெடாது. ஏற்கனவே சேர்ந்திருக்கும் பெராக்சைடு உடைவதால் வரும் ஒளிதான் வரும். அலமாரிக் கயிறு சின்ன மேடு காட்டும். வேலிக் கயிறு காட்டும் மேட்டைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். கையில் எடுத்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், வேலிக் கயிறு இன்னும் உதிரத் தொடங்கியிருக்காது. ஆனால் வெயில் அதற்குள் என்ன செய்து வைத்திருக்கிறது என்பது கோட்டில் தெரியும். முதல் முறை இதைப் பார்த்த அன்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “கயிறு தொட்டா தெரியுமேடா” என்றார். தொடுவதற்கு முன்னால் தெரிவதுதான் இதில் விஷயம்.

அடுத்து ஆக்சிஜனில். புதுத் துண்டு ஒன்றை நைட்ரஜனில் 150 டிகிரிக்குக் கொண்டு போய் 5 நிமிடம் நிறுத்துங்கள், பிறகு வாயுவை மாற்றுங்கள். மாற்றிய நொடியை நோட்டில் குறிக்கவும். எண்ணிக்கை கொஞ்ச நேரம் தட்டையாக இருக்கும். பிறகு சட்டென்று ஏறும். உச்சம் தொட்டு இறங்கும். தட்டையான பகுதி எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் பொருள் தாக்குப்பிடிக்கிறது. காப்பு மருந்து சேர்க்காத பாலிபுரோப்பிலீன் பொடி அரை மணிக்குள் ஏறத் தொடங்கிவிடும். நல்ல காப்பு மருந்து சேர்த்தது மணிக்கணக்காக அசையாமல் நிற்கும், சோறு சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம்.

கோடு வழவழப்பாக ஏறுவதால் மாதிரி முழுவதும் ஒரே சீராகக் கெடுகிறது என்று எண்ண வேண்டாம். கேமரா வைத்துப் படம் பிடித்தவர்கள் பார்த்தது வேறு. ஒரு மூலையில் தொடங்கி, நெருப்புப் பிடித்த காய்ந்த லாலான் புல் மாதிரிப் பக்கத்துக்குப் பரவும். அதனால் ஒரே கயிற்றை மூன்று முறையாவது ஓட்டுங்கள். மூன்றும் தள்ளித் தள்ளி வந்தால் சராசரியை மட்டும் எழுதாமல் மூன்றையும் எழுதுங்கள்.

பிறகு ரப்பர்

கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் இங்கிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிறது. நம் சுற்றுவட்டாரத்தில் செம்பனை வந்து நிரை நிரையாகப் பால் மரம் போய்விட்டாலும், சிறு தோட்டக்காரர்களிடம் இன்னும் பால் கிடைக்கும். மங்கிலிருந்து (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்திலிருந்து) நேராக எடுத்த பாலைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக ஊற்றி, இருட்டில் காயவையுங்கள். படலம் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். தடித்தால் ஆக்சிஜன் உள்ளே போய்ச் சேராது. புகை போட்ட ஷீட்டைத் தவிர்க்கவும். பழுப்பு நிறம் ஒளியைக் குடித்துவிடும். டயர் ரப்பரில் கரித்தூள் இருப்பதால் அதைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம்.

ரப்பருக்கு 110 டிகிரி போதும். ஒரு படலத்தை அப்படியே ஓட்டுங்கள். இன்னொன்றை அசிட்டோனில் ஒரு நாள் ஊறவைத்துக் காயவைத்து ஓட்டுங்கள், அது சீக்கிரமே ஏறும். பாலில் மரமே சேர்த்து வைத்திருக்கும் காப்புப் பொருள்களை, டோகோட்ரையினால் போன்றவற்றை, அசிட்டோன் கழுவி எடுத்துவிட்டது. மூன்றாவதில் செம்புக் கம்பித் துண்டு ஒன்று படும்படி வையுங்கள். செம்பும் மாங்கனீசும் ரப்பருக்கு ஏன் எமன் என்று அந்தக் கோடு சொல்லும்.

ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு பி.ஆர்.ஐ. (இளகும் தன்மை எவ்வளவு மிஞ்சுகிறது என்ற குறியீடு) சோதனை தெரிந்திருக்கும். 1965-இல் வந்த எஸ்.எம்.ஆர். (மலேசிய ரப்பருக்கான) தரத் திட்டத்தில் அது முக்கியமான ஒன்று. ரப்பரை 140 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, இளகும் தன்மை நூற்றுக்கு எவ்வளவு மிஞ்சியது என்று பார்ப்பார்கள். நல்ல சோதனை, மலிவானது. ஆனால் 30-ஆவது நிமிடத்தில் என்ன நிலை என்பதைத்தான் சொல்லும். கெடுதல் எப்போது தொடங்கியது, எந்த வேகத்தில் ஏறியது என்பதை இந்த ஒளி சொல்லும். இரண்டையும் ஒரே மூட்டை ரப்பரில் செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னிடம் வந்தவர்களில் ஆலைப் பிள்ளைகள் அதிக நேரம் உட்கார்ந்து பார்த்தது இந்த இரண்டு தாள்களைத்தான்.

நோட்டில் தேதி, மாதிரியின் எடை, தடிமன், வாயு, அதன் வேகம், வெப்பம், குழாயின் வோல்ட், அன்றைய இருட்டு எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும். அன்றைய இருட்டு எண்ணிக்கையை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நேற்றைய எண்ணை இன்றைக்குக் கழிக்கக் கூடாது.

முடிக்கும் வரிசை: மூடுகதவை மூடுங்கள். குழாயின் மின்சாரத்தை நிறுத்துங்கள். அடுப்பை அணைத்து, நைட்ரஜனுக்கு மாற்றி, 50 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு தட்டை எடுங்கள். பெல்டியரை நிறுத்தினாலும் குழாயைச் சுற்றிய நைட்ரஜனை நிறுத்த வேண்டாம். குழாய் அறைச் சூட்டுக்கு வரும் வரை, ஒரு மணி நேரம் போல, ஓடட்டும். மதிய இடி இறங்கும் மாதங்களில் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.